விழாத வண்டிகளின் ஜன்னல்

அத்தியாயம் 3

ரேடியோவின் வாய் ஓயாது. ஓயும் வாயாக இருந்தால் அவனுக்கு அந்தப் பெயரே வந்திருக்காது. ஆனால் அன்று காலை பதினொரு மணிக்கு, பள்ளி வேன் ஓட்டும் அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து நாலாக மடித்த நகல் ஒன்றை எடுத்து மேஜையில் வைக்க, அவன் அதைப் பிரித்து இரண்டாவது வரி வரைக்கும் வந்தானோ இல்லையோ, பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டான்.

வக்கீலம்மா அதைக் கவனித்தாரா என்று சொல்வதற்கில்லை. சட்டப் படிப்பை மூன்றாம் ஆண்டோடு விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். படிப்பை விட்டாலும் பட்டப்பெயர் அவரை விடவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடித்தவர் இதுவரை யாரும் இல்லை, ஐந்து வருஷமாக உதவியாளனாக இருக்கும் ரேடியோ உள்பட.

"சத்தமா படி," என்றார்.

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான். "ஐயா, இந்த மாடல் மோட்டார் சைக்கிளில் ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்து நிறுத்தினால், முன்சக்கரத்துக்குப் போகும் கறுப்புக் குழாய் ஒரு இரும்புப் பட்டையில் உரசுகிறது. நாளாக நாளாகத் தேய்ந்து சொட்டுகிறது. காலையில் நிறுத்தினால் மத்தியானத்துக்குள் பத்துப் பன்னிரண்டு சொட்டு. அந்தச் சொட்டு தரையில் இருக்கிற மஞ்சள் கோட்டைக்கூடத் தின்றுவிடுகிறது. பதினேழு வண்டிகளின் சேசிஸ் நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். இவை போக ஒன்று ஏற்கெனவே விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் விழுவதற்குள் ஏதாவது செய்யுங்கள்."

கீழே பதினேழு நம்பர்கள். பெயர் இல்லை. கையெழுத்தும் இல்லை.

"விழுந்த ஒண்ணு எங்க வீட்டுக்காரர் வண்டி மாதிரிதான் தெரியுது மேடம்," என்றார் வேன் அம்மா. "வாகனப் பாதுகாப்பு ஆபீஸ்ல இதைக் காட்டினாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யாராவது பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் விசாரணையாம். இல்லேன்னா மொட்டைக் கடிதாசின்னு எழுதிக் கட்டி வெச்சிடுவாங்க. அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சுத்தானாம். இதை எழுதினவரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்."

"நீங்களே போடலாமே?"

"கேட்டேன். விழுந்த வண்டி போலீஸ் கணக்காம். இந்த மனுவை வாங்குற ஜன்னல் விழாத வண்டிகளுக்குத்தானாம்."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ரேடியோ மூன்று ஜோக்காவது அடித்திருப்பான். இன்றைக்கு ஒன்றுதான் வந்தது. "அப்ப ஆபீஸ்ல வந்து சொல்லிட்டு, அதுக்கப்புறம் போய் விழணும்." யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

வேன் அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போலீஸ்ல வேகமாப் போனார்னு எழுதிட்டாங்க. அவரும் அதை நம்பிட்டார். தோள்பட்டை எலும்பு உடைஞ்சு படுத்திருக்கிற மனுஷன், 'நான்தான் பிரேக்கைச் சரியாப் பிடிக்கலையோ'ன்னு என்னையே கேக்குறார். பிடிச்சார் மேடம். அவர் கை எனக்குத் தெரியும். ஆனா முதல் நாள் ஆஸ்பத்திரியில நானும் திட்டிட்டேன். பிள்ளைகளை ஏத்திட்டுப் போறவ நான், உங்களுக்கு ஒரு வண்டியை ஒழுங்கா ஓட்டத் தெரியலையான்னு, அவங்க அம்மா முன்னாடியே கேட்டுட்டேன். அந்தப் பேச்சை எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியல."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு வேறு ஒரு பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவனே சொன்ன பேச்சு அது. அவனிடமும் இதே மாடல் வண்டி இருந்தது. பிரேக் ஆயில் ஒரே மாதத்தில் இரண்டு தடவை குறைந்தது. இரண்டு தடவையும் ஊற்றினான். மூன்றாவது தடவை ஊற்றி, வண்டியைத் தேய்த்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கித் தன் தெருவிலேயே இருக்கும் தையல்காரருக்கு விற்றுவிட்டான். "வண்டி கல்லு மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லித்தான் விற்றான். தையல்காரர் அந்த வண்டியில்தான் தினமும் தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்.

குழாய் தேய்கிறது என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரியும். தெரிந்ததனால்தானே விற்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். தையல்காரரின் நம்பர் வரைக்கும் போனான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளே வைத்துவிட்டான்.

"எழுதினது யாரு?" என்று வக்கீலம்மா கேட்டார். கேள்வி அவனுக்குத்தான்.

"மெக்கானிக்," என்றான் ரேடியோ, பழைய வேகத்தை வரவழைத்துக்கொண்டு. "சேசிஸ் நம்பரை வேற யாரு மேடம் குனிஞ்சு படிக்கப் போறாங்க? எனக்கு என் போன் நம்பரே பாதிதான் ஞாபகம் இருக்கு."

"மெக்கானிக் 'கறுப்புக் குழாய்'னு எழுத மாட்டான். பிரேக் ஹோஸ்னு எழுதுவான். வேற?"

"வண்டி விக்கிற கம்பெனி ஆளு. மனசாட்சி உறுத்தி எழுதியிருக்கலாம்." மனசாட்சி என்ற வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்ததும் ரேடியோவின் காது சுட்டது.

"கம்பெனி ஆளு மத்தியானம் வரைக்கும் உக்காந்து சொட்டு எண்ண மாட்டான். பத்துப் பன்னிரண்டு சொட்டுன்னு எழுதியிருக்கு. சொந்தக்காரனும் எண்ண மாட்டான், அவன் நிறுத்திட்டு வேலைக்குப் போயிடுவான். வண்டிக்கு அடியில என்ன விழுதுன்னு பார்க்க நாள் முழுக்க நேரம் இருக்கிற ஆளு யாரு?"

ரேடியோ யோசித்தான். "பார்க்கிங் ஸ்டாண்டு ஆளு."

"மஞ்சள் கோடு?"

"தரையில பெயின்ட்ல கோடு போட்ட ஸ்டாண்டு. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரியும். அது எனக்கு..." எப்படித் தெரியும் என்று சொல்ல வந்தவன் மென்று விழுங்கினான். அவன் வீட்டு வாசல் கேட்டில் ஒரு பக்கம் பெயின்ட் உரிந்துதான் கிடக்கிறது.

வக்கீலம்மா அதைத் தோண்டவில்லை. வேன் அம்மாவிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் விழுந்தது பேப்பர்ல வந்துச்சா?"

"இல்லையே. அந்த அளவுக்கு நாங்க யாரு?"

"பேப்பர்ல வராத விபத்தை, 'ஒண்ணு ஏற்கெனவே விழுந்துடுச்சு'ன்னு எழுதுறார். அப்படின்னா தினமும் வர்ற வண்டி ஒரு நாள் வராமப் போனதைப் பார்த்தவர். உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?"

"பிஸ்கட் பேக்டரியில. பேக்கிங்."

"ஸ்டாண்டு இருக்கா?"

"பெரிய ஸ்டாண்டு," என்று சொன்ன வேன் அம்மா, அப்புறம்தான் புரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

பிஸ்கட் தொழிற்சாலையின் ஸ்டாண்டு என்பது ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் இருநூறு வண்டிகள். இருநூறையும் அந்த இடத்துக்குள் அடைப்பதற்கு ஒரே வழிதான் உண்டு. எல்லா வண்டியின் ஹேண்டிலையும் இடது பக்கம் முழுக்க ஒடித்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்கிற மாதிரி நிறுத்த வேண்டும். அப்படித்தான் நிறுத்தியிருந்தது. காற்றில் கருகிய சர்க்கரை வாசனை அடித்தது.

தரை சுத்தமோ சுத்தம். மஞ்சள் கோடுகள் நூல் பிடித்தாற்போல் ஓடின. அங்கங்கே சில வண்டிகளின் முன்சக்கரத்துக்கு அடியில் மட்டும் பிஸ்கட் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"எண்ணு," என்றார் வக்கீலம்மா.

ரேடியோ நடந்துகொண்டே எண்ணினான். பதினேழு அட்டை. பதினேழும் ஒரே மாடலுக்குக் கீழே. ஒவ்வொரு அட்டையிலும் ஈரமான வட்டங்கள், ஓரத்தில் பென்சிலால் தேதி. பதினேழாவது அட்டைக்குப் பக்கத்தில் நிமிர்ந்தபோது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்டாண்டுக்காரர்.

"என்ன வேணும்?" என்றார்.

வக்கீலம்மா நகலை நீட்டினார். ஸ்டாண்டுக்காரர் அதை வாங்கவே இல்லை. தூரத்திலிருந்தே தன் கையெழுத்தைப் பார்த்து, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போலீஸா?"

"இல்லண்ணே," என்றான் ரேடியோ. "போலீஸா இருந்தா ஜீப்புல வந்திருப்போம். நாங்க ஷேர் ஆட்டோ."

"நீங்க எழுதினதை நாங்க குத்தம் சொல்ல வரல," என்றார் வக்கீலம்மா. "கீழே ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். அஞ்சு மணிக்குள்ள."

ஸ்டாண்டுக்காரர் தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டம் இல்லை. "என்னால முடியாதும்மா. அந்தப் பேக்கிங் தம்பி விழுந்தாரே, அவர் வண்டி எங்க நிக்கும் தெரியுமா? இதோ, இங்க. ஒன்பது நாளா சொட்டிச்சு. ஒன்பது நாளும் நான் அட்டை மாத்தினேன்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"சொல்லல." குரல் இறங்கிவிட்டது. "சூப்பர்வைசர் வந்தா தரையைத்தாம்மா பார்ப்பார். கோடு அழிஞ்சிருந்தா நாலு பேர் முன்னாடி கேவலமாப் பேசுவார். இருபது வருஷமா என் வேலை தரைதான். எது சொட்டினாலும் அட்டையைப் போடு, கறை ஆகாம பாரு. வண்டி எதுக்காகச் சொட்டுதுன்னு நான் பார்த்ததே இல்ல. அந்தத் தம்பி சாயங்காலம் வந்து வண்டியை எடுக்கும்போது, அவர் பாக்குறதுக்குள்ள அட்டையை உருவி வெச்சுக்குவேன். சுத்தமான இடத்துலேர்ந்து சுத்தமா வண்டியை எடுத்துட்டுப் போவார். ஒரு அட்டையை அங்கேயே விட்டிருந்தா போதும்மா. அவரே பார்த்திருப்பார்."

ஸ்டாண்டுக்காரர் குனிந்து, காலடியில் கிடந்த அட்டையை நேராக்கி வைத்தார்.

"அதுவும் போக, ஹேண்டிலை ஒடிச்சு நிறுத்துறது நான்தான். குழாய் உரசுறதுக்குக் காரணமே நான்தானோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"ஹேண்டில்னா திரும்பத்தான் செய்யும்," என்றார் வக்கீலம்மா. "திருப்பினா தேயுற மாதிரி குழாயை வெச்சவன் தப்பு அது. அந்தப் பாரத்தை நீங்க தூக்க வேண்டாம். சொல்லாம விட்டது உங்களுது. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஸ்டாண்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு அவருக்குச் சுட்டாலும் ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் கையெழுத்துப் போடத் தயார்தாம்மா. ஆபீஸுக்கும் போனேன். ஜன்னல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? வண்டி உன் பேர்ல இருக்கான்னாங்க. என்கிட்ட சைக்கிள்தான் இருக்குன்னேன். அப்ப போய் வேலையைப் பாருன்னாங்க. வண்டி வெச்சிருந்தவங்கதான் போடணுமாம். அதனாலதான் பேர் இல்லாம எழுதிப் போட்டேன்."

இதை வக்கீலம்மா எதிர்பார்க்கவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்ததை ரேடியோ பார்த்தான்.

"இந்தப் பதினேழு பேர்ல ஒருத்தரைக் கூப்பிட முடியாதா?"

"ஷிப்டு ஆறு மணிக்குத்தான் விடும். போனெல்லாம் லாக்கர்ல. அவசரம்னு ஆள் அனுப்பினாலும் சூப்பர்வைசர் விட மாட்டார்."

ரேடியோ மணியைப் பார்த்தான். இரண்டே முக்கால். "அவ்வளவுதான் மேடம். எழுதினவர் கிடைச்சாச்சு, கையெழுத்துதான் கிடைக்கல. வெளியே டீ குடிச்சிட்டு..."

"கையெழுத்து காலையிலேர்ந்து நம்ம கூடத்தான் இருக்கு," என்றார் வக்கீலம்மா.

ரேடியோ நிஜமாகவே திரும்பிப் பார்த்தான், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. சுவர்தான் இருந்தது.

"வண்டியை வித்த அன்னைக்கு நம்ம ஆபீஸுக்கு வந்து, வண்டி கல்லு மாதிரி இருந்துச்சுன்னு மூணு தடவை சொன்ன. நல்ல வண்டியை வித்தவன் ஒரு தடவைதான் சொல்வான். காலைல ரெண்டாவது வரியில உன் ரேடியோ நின்னு போச்சு. பிரேக் ஆயில் பட்டா பெயின்ட் உரியும்னு எனக்கு முன்னாடி நீ சொன்ன."

"தெரிஞ்சுக்கிட்டேவா மேடம் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

"இவர் போட்டுடுவார்னு நினைச்சேன். நீயும் வழியிலேயே வாயைத் திறந்துடுவேன்னு நினைச்சேன். ரெண்டும் தப்பாப் போச்சு."

ரேடியோவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஸ்டாண்டுக்காரர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இருந்தது கோபம் இல்லை, தன்னைப் போல இன்னொருத்தன் என்கிற பார்வை. அதுதான் அவனைக் கூனிக் குறுக வைத்தது. இந்த மனிதராவது தரைக்காக மறைத்தார். அவன் எதற்காக மறைத்தான்? வண்டி கைமாறிவிட்டால் போதும் என்றுதான்.

"மூணு தடவை ஆயில் ஊத்தினேன்ணே," என்றான் அவரிடம். "மூணாவது தடவை ஊத்தினது விக்கிறதுக்காக."

அங்கேயே நின்று தையல்காரருக்குப் போன் செய்தான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தான். எடுக்கவில்லை. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். அந்தப் பெண்ணைக் கூட்டி வர அவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அல்லது கிளம்பிவிட்டிருப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு இறக்கம் இருக்கிறது.

கிளம்பும்போது வக்கீலம்மா ஸ்டாண்டுக்காரரிடம் சொன்னார். "ஆறு மணிக்கு இந்த அட்டையை எல்லாம் உருவ வேண்டாம். பதினேழு பேரும் பார்க்கட்டும். யாரும் ஓட்டிட்டுப் போகாம தள்ளிட்டுப் போகட்டும்."

"சூப்பர்வைசர் கத்துவார்," என்றார் அவர். பிறகு அவரே, "கத்தட்டும்," என்றார்.

வாகனப் பாதுகாப்பு அலுவலகத்தை அடைந்தபோது மணி நாலே கால். வழியெல்லாம் ஆறு தடவை போன் செய்துவிட்டான் ரேடியோ. ஒரு தடவையும் எடுக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்.

"வண்டி உங்க பேர்ல இருக்கா?"

"இருந்துச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி வித்துட்டேன்."

"வெச்சிருந்த காலத்துல குறையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வண்டி விழுந்துச்சா?"

"இல்ல... தெரியல." போனைப் பார்த்தான். "இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப இந்த ஜன்னல்தான்." படிவம் ஒன்று வெளியே வந்தது.

படிவத்தில் நிரப்ப வேண்டிய முதல் ஏழு காலங்களும் சுலபம். மாடல், சேசிஸ் நம்பர், வாங்கிய நாள், ஓடிய தூரம். சேசிஸ் நம்பர் போனில் வைத்திருந்த விற்பனைக் கடிதத்தின் படத்தில் இருந்தது. வக்கீலம்மா பக்கத்தில் நின்று வேன் அம்மாவுக்குப் போன் செய்தார். "புகார் பதிவாகி நம்பர் விழப்போகுது. உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்க, அவர் பிரேக்கைச் சரியாத்தான் பிடிச்சார்." அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது.

எட்டாவது காலம்: குறையை முதலில் கவனித்த நாள். எழுதினான். ஒன்பதாவது காலம்: குறை தெரிந்த பின் வாகனத்தை என்ன செய்தீர்கள்? பேனா அங்கேயே நின்றது. ஒரு வார்த்தைக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். 'விற்றேன்' என்று எழுதினான். இவ்வளவு சின்ன எழுத்தில் அவன் வாழ்நாளில் எழுதியதில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தையல்காரர்.

"மெஷின் சத்தத்துல கேக்கல தம்பி. அப்படியே பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போயிட்டேன். எட்டு தடவை கூப்பிட்டிருக்கீங்க. வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"பாப்பா வந்துட்டாளாண்ணே?"

"இதோ, பக்கத்துல உக்காந்து பன் தின்னுட்டு இருக்கா. ஏன்?"

ரேடியோ ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டான். எப்படியோ சொல்லி முடித்தான். குழாய், உரசல், ஆயில், மூன்று தடவை எல்லாம் சொன்னான். "தயவுசெஞ்சு அந்த வண்டியை இனிமே எடுக்காதீங்கண்ணே."

"அதுவா?" என்றார் தையல்காரர். "அது வாங்கின ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சு தம்பி. இறக்கத்துல பிரேக் பிடிச்சேன், பிடிமானமே இல்லாம லீவர் உள்ளே போயிடுச்சு. நல்ல வேளை, பாப்பா இல்ல. அன்னைக்கே மெக்கானிக்கிட்ட குடுத்துக் குழாயை மாத்திட்டேன். இப்ப நல்லா பிடிக்குது."

ரேடியோவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியிலேயே நின்றது. "ரெண்டாம் நாளே தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேண்ணே."

தையல்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க தினமும் கடையைத் தாண்டும்போது இந்தப் பக்கம் பார்க்காமலே போவீங்க. தெரிஞ்சுதான் குடுத்திருக்கீங்கன்னு புரிஞ்சுது. கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிடும்னு விட்டுட்டேன் தம்பி. ஒரே தெருவுல இருக்கோம்."

அவர் தினமும் காலையில் கடை வாசலிலிருந்து "வாங்க தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மூன்று வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாவது காலம் காலியா இருக்கு பாருங்க."

பத்தாவது காலம்: தற்போதைய உரிமையாளருக்குக் குறையைத் தெரிவித்தீர்களா? ஆம் / இல்லை.

"இப்ப போன்ல சொன்னது என் காதுலயே விழுந்துச்சே," என்றார் கிளார்க், நல்ல மனதோடுதான். "ஆம்னு போட்டுடுங்க. சட்டப்படி சரிதான்."

ரேடியோ வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார், படிப்பது போலாவது நின்றுகொண்டிருந்தார்.

அவன் 'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டான். கீழே கையெழுத்துப் போட்டுப் படிவத்தை ஜன்னலுக்குள் தள்ளினான். கிளார்க் ஒன்றும் கேட்காமல் நேரத்தை எழுதி, முத்திரையைக் குத்தினார்.